சுத்தக் கை, அழுக்குக் கை

கல்யாணமான பதினைந்தாவது நாள், மருமகளின் மோதிரம் குளியலறைச் சோப்புப் பெட்டியில் கிடந்ததைப் பார்த்ததிலிருந்தே லாண்டரியம்மாவுக்கு அவள்மேல் ஒரு கண். அது நல்ல கண் என்று சொல்ல முடியாது.

"டேய், இங்கே வா," என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இது என்ன?"

"மோதிரம்."

"அது எனக்கும் தெரியும். விரல்ல இருக்க வேண்டியது சோப்போட என்ன பேசிட்டிருக்கு?"

மகன் கிரேன் ஓட்டுகிறவன். நூறடி உயரக் கூண்டில் காற்றடிக்கும்போதும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்பது என்றால் அந்தத் தைரியமெல்லாம் எங்கே போகுமோ. "அவகிட்டயே கேளும்மா, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி ஓடிவிட்டான்.

கேட்டாள். மருமகள் முகம் சுளிக்கவில்லை.

"தங்கத்துல செம்பு கலந்திருக்கும் அத்தை. கடல்மண்ணுல செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாம் எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுதான் என் வேலை. ஒரு லாரித் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாக்கூட எங்க மெஷின் காட்டிக்குடுத்துடும். கையுறை போட்டாலும் மோதிரம் உரசிக் கிழிஞ்சுடுச்சுன்னா, மண்ணுல இருக்கறதோட மோதிரத்துல இருக்கறதும் சேந்துடும்."

"அப்ப என் மகன்மேல கோபம் இல்லையா?"

"கோபம்னா மோதிரத்தைக் கழட்ட மாட்டேன். அவர் போனை ஒளிச்சு வெச்சுடுவேன்."

லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் முழுசாகச் சமாதானமாகவில்லை. அவள் மோதிரம், கணவன் போட்டுவிட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகியும், சலவைச் சோடாவிலும் நீராவியிலும் முப்பது வருஷம் வெந்தும், அது அங்கேயே இருந்தது. இப்போது கழற்ற நினைத்தாலும் முடியாதபடி விரல் அதைச் சுற்றிப் பருத்துவிட்டது. அது அவளுக்கு ஒரு பெருமை. ஒருத்தி தினமும் காலையில் டப்பென்று கழற்றிவிட்டுப் போகிறாள் என்றால், காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், மனசில் எங்கோ குத்தத்தானே செய்யும்?

அவர்கள் வீடு லாண்டரிக்கு மேலே. கீழே துணிக் கட்டுகள், நீராவி இஸ்திரிப் பெட்டி, நம்பர் எழுதிய துணுக்குத் துணிகள், பின்கட்டில் மெஷின்கள். அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லாண்டரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் விரிப்புகளில் எண்ணெய்க் கறை, டாக்டர் கோட்டில் மைக் கறை, கல்யாண உடையில் அழுத கறை என்று எதைக் கொண்டுவந்தாலும், முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இது போகும்," "இது போகாது," என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். அவளிடம் ஒரு பழைய தகரத் தொட்டியும் உண்டு. கடை ஆரம்பித்த வருஷம் வாங்கியது. மெஷின்கள் வந்து மாறின, தொட்டி மட்டும் மாறவில்லை. வெள்ளை வெளேரென்று வர வேண்டியது எதுவானாலும் அதில்தான் ஊறும்.

ஊருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, புதிதாக ஒரு தொழிற்சாலைக்காகக் கப்பல் துறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே இடத்தில் நாற்பது வருஷம் ஒரு பேட்டரி ஃபேக்டரி இருந்து, மூடிப்போனது. ஃபேக்டரி போய்விட்டது, அது கடலில் விட்டது போகவில்லை. அடிமண்ணோடு மண்ணாகப் படிந்து சும்மா கிடந்தது. இப்போது தூண் இறக்குகிறார்கள், அடுத்து, கப்பல் வரத் தூர் வாரப் போகிறார்கள். வாரும் சேற்றை எங்கே கொட்டுவது? கம்பெனிக்காரர்கள், கடலுக்குள் நீண்டிருக்கும் முனைக்கு அந்தப் பக்கம் கடலிலேயே கொட்டிவிடலாம் என்றார்கள். அந்தப் பக்கம்தான் சிப்பித் திட்டு. முப்பது குடும்பங்கள் குனிந்து குனிந்து சிப்பி பொறுக்கும் இடம். சேற்றில் ஈயம் அதிகம் என்றால் கரையில் குழி வெட்டி, அடியில் கனத்த விரிப்பு போட்டு, மூடிப் புதைக்க வேண்டும். எது என்று முடிவு செய்ய வியாழக்கிழமை ஒரு கூட்டம். கடற்கரைக் கண்காணிப்பு அலுவலகம் இருபத்துநாலு இடங்களில் மண்ணைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வேலை மருமகளுடையது.

"நான் கடலைக் கலக்கறேன், இவ கலங்கினதுல என்ன இருக்குன்னு பாக்கறா. நல்ல ஜோடி," என்பான் மகன். தூண் இறக்குகிற கிரேனில்தான் அவனுக்கு வேலை.

"ரெண்டு பேர் துணியிலயும் ஒரே சேறு. அதைத் துவைக்கறவ நான்," என்பாள் லாண்டரியம்மா. மருமகளுக்குச் சேத்துக்காரி என்று பேர் வைத்ததும் அவள்தான்.

அந்தத் துவைக்கிற கைதான் வினையாக முடிந்தது.

மண்ணெடுக்கப் போவதற்கு முந்தின சாயங்காலம், மருமகள் இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து லாண்டரி மேசையில் வைத்தாள். படகு விடியற்காலையில் கிளம்பும், படகுத்துறை வீட்டுக்குப் பக்கம், அதனால் கையோடு எடுத்து வந்துவிட்டாள். ஒவ்வொரு பையிலும் பதின்மூன்று சின்னச் சின்ன பாட்டில்கள். வைத்துவிட்டுப் போன் பேச மாடிக்குப் போனாள்.

லாண்டரியம்மா பார்த்தாள். பாட்டில்களுக்குள் நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. ஒரு பையைத் திறந்து மோந்தாள். புளித்த நெடி லேசாக மூக்கில் ஏறியது. 'பாவம், கழுவக்கூட நேரமில்லாமல் அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்' என்று நினைத்தாள். அது ஆசிட்டில் ஊறவைத்து, சுத்தத்திலும் சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலசிய பாட்டில் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அழுக்கை ஒருநாள் தாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் லாண்டரியம்மாவே இல்லை.

ஒரு பையை அவிழ்த்தாள். தகரத் தொட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், ஒரு கை சோடா. ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசி, கவிழ்த்துக் காயவைத்து, பழையபடி பைக்குள் அடுக்கினாள். இரண்டாவது பையில் கை வைப்பதற்குள் ஓட்டல்காரர் விரிப்புக் கட்டுக்கு வந்து நின்றுவிட்டார். அதனால் அது தப்பித்தது. திறந்த பையை முன்பிருந்த மடிப்பிலேயே, ஒரு இழை மாறாமல் மடித்து ஒட்டினாள். ஆயிரம் பேர் துணியை ஆயிரம் விதமாக மடித்துக் கொடுத்த கை. மருமகள் காலையில் எடுத்துக்கொண்டு போனபோது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் மருமகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பசிக்கலையா?"

"வெறும் பாட்டில்ல துத்தநாகம் இருக்கு அத்தை."

"வெறும் பாட்டில்ல எப்படி இருக்கும்?"

"அதான் எனக்கும் தெரியலை." முன்னால் இருந்த தம்ளரை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு பையிலயும் ஒரு பாட்டில்ல சேத்துத் தண்ணியே பிடிக்க மாட்டோம். சுத்தத் தண்ணியை மட்டும் ஊத்தி, கூடவே படகுல கூட்டிட்டுப் போய், கூடவே கொண்டுவந்து, அதையும் சோதிப்போம். அதுல ஒண்ணும் இருக்கக்கூடாது. ஏதாவது இருந்தா, மண்ணுல இருந்து வரலை, நம்மகிட்ட இருந்து வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு பை பாட்டில் பளிச்சுனு இருக்கு. இன்னொண்ணுல துத்தநாகம் எகிறி நிக்குது."

"எகிறினா உனக்கு நல்லதுதானே?" என்றான் மகன். "அதிகம்னு காட்டத்தானே போறே? அப்படியே எழுதிடு."

மருமகள் அவனைப் பார்த்த பார்வையில், கிரேனிலிருந்து விழுந்தவன் மாதிரி அவன் சாப்பாட்டில் குனிந்துகொண்டான்.

"அது மண்ணோட துத்தநாகம் இல்லைங்க. எனக்குச் சாதகமா இருக்குங்கறதுக்காக எழுதினா, நாளைக்குப் பாதகமா இருக்கறதை நான் எழுதினாலும் ஒருத்தரும் நம்ப வேண்டியதில்லை. அந்தப் பை முழுசையும் தூக்கிப் போட்டுட்டேன். பன்னிரண்டு இடம். புதுக் கப்பல் துறைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற பன்னிரண்டு."

லாண்டரியம்மா கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் மோதிச் சத்தம் போட்டது. அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததை வாய் சொல்லவில்லை. 'சோறு ஆறுது, சாப்பிடு,' என்று மட்டும் சொன்னது.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யாருக்கும் தெரியாது, மடிப்புக்கூட மாறவில்லை என்று ஒரு பக்கம் மனசு தட்டிக்கொடுத்தது. சேத்துக்காரி, சேத்துக்காரி என்று வாய் ஓயாமல் சொன்னோமே, கடைசியில் அவள் சுத்தமாக வைத்ததை நாசமாக்கியது நாம்தானே என்று இன்னொரு பக்கம் குடைந்தது.

சனிக்கிழமை படகோட்டி வந்தார். அலுவலகத்துக்குப் படகு ஓட்டுகிறவர், தன் ஒரே நல்ல சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார்.

"கூட்டத்துக்குப் போட்டுட்டுப் போவீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"எங்கேம்மா. திங்கக்கிழமையிலிருந்து என் படகு வேண்டாம்னுட்டார் மேலதிகாரி. படகு துருப்பிடிக்காம இருக்க அடியில துத்தநாகக் கட்டி மாட்டுவோம். மண்ணெடுக்கப் போனதுக்கு முந்தின நாள்தான் புதுசு மாட்டினேன். அந்தக் கையோட பாட்டிலைத் தொட்டுட்டேனாம்." அவர் சட்டைக் காலரை விரலால் நீவினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உங்க மருமக என்னைச் சொல்லலை. 'அண்ணன் கையைப் பின்னால கட்டிட்டுத்தான் உக்காந்திருந்தார்'னு சண்டையே போட்டுச்சு. ஆனா, பின்னே யாருன்னு கேட்டா அதுக்குப் பதில் இல்லையே."

அவர் போன பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கடையைச் சாத்தினாள். மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் கீழே வா. ஒண்ணு காட்டணும்."

மருமகள் வந்தாள். லாண்டரியம்மா தகரத் தொட்டியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உன் பாட்டிலை நான்தான் கழுவினேன். இதுலதான்."

மருமகள் தொட்டியைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள். அப்புறம், வயிற்று வலிக்கு வந்தவரிடம் டாக்டர் கேட்பதுபோல ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பையையுமா?"

"ஒண்ணுதான். பச்சைச் சீட்டு ஒட்டினது."

"சுடுதண்ணியா?"

"கொதிக்கக் கொதிக்க."

"சோப்பு?"

"சோடா. ஒரு கை."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

மருமகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொட்டியின் உள்பக்கத்தைத் தடவினாள். சாம்பல் நிறப் பொடி விரலில் ஒட்டியது. "தகரத் தொட்டி, தகரத் தொட்டினு நாம சொல்றோம். மேலே பூசியிருக்கறது பூரா துத்தநாகம் அத்தை," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாலு நாளா இதை ஊரெல்லாம் தேடறேன். லேப் தண்ணியைச் சோதிச்சேன், கையுறையைச் சோதிச்சேன், படகோட பெயிண்டைக்கூடச் சுரண்டிப் பாத்தேன். என் காலுக்குக் கீழே உக்காந்திருக்கு."

"திட்டு," என்றாள் லாண்டரியம்மா. "ரெண்டு வார்த்தை நல்லாத் திட்டிடு. எனக்கு ஆறும்."

"திட்டறதை வியாழக்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கலாம் அத்தை, இப்ப நேரமில்லை. அன்னிக்குப் பண்ண மாதிரியே தண்ணி காய வைங்க. அதே சோடா, அதே ஒரு கை. நான் புது பாட்டில் எடுத்துட்டு வரேன்."

"தப்பு என்மேலதானே?"

"பையை இந்த மேசைமேல வெச்சவ நான். சோதிக்கப் போற பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது." எழுந்து மாடிப்படி ஏறினவள், பாதியில் திரும்பினாள். "அத்தை, அந்த மடிப்பை எப்படி அப்படியே மடிச்சீங்க? நான் கொஞ்சம்கூடக் கண்டுபிடிக்கலை."

அந்த நிலைமையிலும் லாண்டரியம்மாவுக்கு உள்ளுக்குள் லேசாகக் குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமையே லேபைத் திறக்க வைத்துச் சோதித்தாள் மருமகள். தொட்டியில் ஊறிய புது பாட்டிலிலும் அதே துத்தநாகம், கூடவே பூச்சில் கலந்திருந்த கொஞ்சம் ஈயம். அச்சு அசலாக அந்த வெறும் பாட்டிலில் இருந்த மாதிரியே. மேலதிகாரி வீட்டுக்கே போய்க் காகிதத்தை நீட்டினாள். படகோட்டிக்கு வேலை திரும்ப வந்தது. பன்னிரண்டு இடத்திலும் மறுபடி மண்ணெடுக்கத் திங்கட்கிழமை ஒரு நாள் அனுமதி கிடைத்தது. ஆனால் கூட வேலை செய்கிற பெண் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். இந்த வேலைக்கு நாலு கை வேண்டும்.

"யாரைக் கூப்பிடப் போறே?" என்று மகன் கேட்டான்.

"உங்க அம்மாவை."

லாண்டரியம்மா தன்னைத்தானா என்று திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டாள்.

"ஒருத்தர் சுத்தக் கை, ஒருத்தர் அழுக்குக் கை," என்று மருமகள் விளக்கினாள். "எங்க வேலையில அப்படித்தான் பேரு. அழுக்குக் கை கயிறு, குழாய், சேறு, பையோட வெளிப்பக்கம், எதை வேணும்னாலும் தொடலாம். சுத்தக் கை பாட்டிலைத் தவிர எதையும் தொடக்கூடாது. மூக்கு அரிச்சாலும்."

"முப்பது வருஷமா ஊர் அழுக்கைத் துவைக்கிறேன். கடைசியில என்னை அழுக்குக் கைங்கறியா? சரி, பண்ணின வேலைக்கு வேணும் எனக்கு."

"அழுக்குக் கை நான் அத்தை. நீங்க சுத்தக் கை."

பாட்டிலைக் கெடுத்தவள் கையிலேயே பாட்டிலைக் கொடுக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் பாட்டில் இருக்கிற அறைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் முனகலும் கேட்டன. சோப்பு நுரையில் விரலை முக்கி, முறுக்கி, இழுத்து, கடைசியில் தோல் சிவக்கச் சிவக்க அந்த மோதிரம் கழன்றது. விரலில் வெள்ளையாக ஒரு வளையம் மிச்சம். இது நாள்வரை வெயில் படாத தோல். அதை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, மோதிரத்தைச் சோப்புப் பெட்டியில், மருமகளின் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பல் தேய்க்க வந்த மகன் சோப்புப் பெட்டியைப் பார்த்து அரண்டுபோனான். "அம்மா, ரெண்டு பேரும் சேந்து என்னை விட்டுட்டுப் போறீங்களா?"

"ஆமாண்டா, கடலுக்கு. இன்னிக்கு நீயே துணி துவைச்சுக்கோ."

கடலில் காற்று இருந்தது. படகோட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாண்டரியம்மா இரண்டு அடுக்குக் கையுறை போட்டு, முழங்கையை மடித்து, யாரோ துப்பாக்கி காட்டியதுபோல இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் இடத்திலேயே மூக்கு அரித்தது.

"அண்ணே, பேச்சுக் கொடுங்க. இல்லாட்டி நான் மூக்கைத் தொட்டுடுவேன்."

"என்ன பேசறது?"

"உங்க படகு ஏன் இப்படி ஆடுதுன்னு பேசுங்க."

மருமகள் இதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. அவளைச் சோறு சாப்பிடும்போதும் தூங்கி வழியும்போதும் பார்த்திருக்கிறாள் லாண்டரியம்மா. வேலை செய்யும்போது பார்த்தது அன்றுதான். ஒல்லியான அந்தப் பெண் நீளமான பிளாஸ்டிக் குழாயைக் கடலில் இறக்கி, முழு எடையையும் போட்டு அழுத்தி, தோள் நடுங்க மேலே இழுத்து, தண்ணீரை விட்டு வெளியே வருமுன் அடியில் கையை விட்டு மூடினாள். கழுத்துவரை சேறு. குழாயைப் படகின் நடுவில் நிறுத்தியதும் அவள் முகம் அமைதியானது. பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே மண்ணைப் படித்தாள்.

"பாருங்க அத்தை. மேலே பழுப்பா இருக்கறது இந்த ரெண்டு மூணு வருஷத்துச் சேறு. அதுக்குக் கீழே சாம்பல். அதுக்கும் கீழே கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? அந்த ஃபேக்டரி ஓடின காலம் அது."

லாண்டரியம்மா குனிந்து பார்த்தாள். தெரிந்தது. மேலே எத்தனை தடவை வெளுத்தாலும் உள் இழையில் நின்றுவிட்ட கறை. அவள் வாழ்நாள் பூராவும் பார்த்த விஷயம்தான், கடலுக்கு அடியில் இருக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

"இது போகாது," என்றாள், கடையில் சொல்வதுபோலவே.

"போகாது. கிளறாம இருந்தா சும்மா இருக்கும். கிளறினா தண்ணிக்கு வரும், தண்ணியில இருந்து சிப்பிக்கு, சிப்பியில இருந்து தட்டுக்கு. ஈயம் குழந்தைங்களோட மூளையில போய் உக்காந்துக்கும்." அவள் மெல்லிய குச்சி ஒன்றைச் சேற்றில் செருகி, ஊசிக்குழலால் மெதுவாக இழுத்தாள். சேற்றுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. "இப்ப பாட்டில்."

லாண்டரியம்மா உள்பையைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள். தண்ணீர் விழுந்தது. மூடினாள். உள்பையில் வைத்தாள். வெளிப்பையை மருமகள் மூடினாள். மூன்றாவது இடத்துக்குள் இரண்டு பேர் கையும் ஒரே ஆளின் இரண்டு கை மாதிரி பழகிவிட்டன.

ஏழாவது இடத்தில் கிரேன் தெரிந்தது. கூண்டிலிருந்து ஒரு கை வேகமாக ஆடியது.

"அத்தை, உங்க மகன்."

"தெரியுது. கையை ஆட்ட முடியாதே நான்." தலையை மட்டும் ஆட்டினாள். "இன்னிக்குச் சாயங்காலம் வந்து, அம்மா கண்டுக்கவே இல்லைம்பான் பாரு."

பன்னிரண்டு இடமும் முடிய ஐந்து மணி நேரம் ஆனது. இந்த முறை ஒன்றுக்கு இரண்டாக வெறும் பாட்டில் கூட வந்தது. அந்த இரண்டையும் லாண்டரியம்மா மடியைவிட்டு இறக்கவில்லை.

வியாழக்கிழமை நகர மன்றத்தில் நாற்காலி போதவில்லை. சிப்பி பொறுக்குகிறவர்கள் சுவரோரமாக நின்றார்கள். முன்வரிசையில் கம்பெனியின் கோட்டுக்காரர். மேடையில் முடிவு சொல்ல வேண்டிய பெண் அதிகாரி. லாண்டரியம்மா படகோட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டிருந்தார்.

மருமகள் எழுந்ததும் முதலில் சொன்னது தன் தப்பைத்தான். "போன தடவை எடுத்ததுல பன்னிரண்டு பாட்டில் கெட்டுப்போச்சு. படகுல இல்லை, லேப்ல இல்லை, என் வீட்டுல. பத்திரமா வைக்காதது என் அலட்சியம். அந்த நம்பரை யாரும் எடுத்துக்க வேண்டாம். மறுபடியும் எடுத்திருக்கோம். துத்தநாகம் முதல்ல காட்டினதுல பாதிகூட இல்லை, அளவுக்குள்ளதான் இருக்கு. ஈயமும், பேட்டரியில போடற காட்மியமும் அப்படி இல்லை. பன்னிரண்டுல ஏழு இடத்துல அளவைத் தாண்டி இருக்கு. அஞ்சு இடத்துல பயமில்லை. தள்ளி இருக்கற மத்த பன்னிரண்டும் அளவுக்குள்ளதான்."

கம்பெனிக்குச் சாதகமானதை அவளே சொல்வதைக் கேட்டுச் சுவரோரம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கோட்டுக்காரர் மெல்ல எழுந்தார்.

"வீட்டுல கெட்டுப்போச்சுங்கறீங்க. எப்படி?"

"கழுவக்கூடாத பாத்திரத்துல கழுவினது."

"வீட்டுல பாத்திரம் கழுவற மாதிரி நடக்கற சோதனையை நம்பி நாங்க குழி வெட்டணுமா? யார் கழுவினது? வேலைக்காரியா?"

சிலர் சிரித்தார்கள். மருமகள் முகம் மாறவில்லை. "பொறுப்பு என்னோடது. யார்ங்கறது—"

"நான்தாங்க."

லாண்டரியம்மா எழுந்தது அவளுக்கே தெரியாது. மன்றம் திரும்பிப் பார்த்தது.

"நான் இவ மாமியார். பக்கத்துத் தெருவுல லாண்டரி வெச்சிருக்கேன். இங்கே இருக்கற பாதிப் பேர் சட்டை என் கையில வந்துதான் போகுது, நீங்க போட்டிருக்கற கோட்டு உட்பட. போன மாசம் இடது கையில காப்பிக் கறையோட வந்துச்சு." இப்போது வேறு பக்கம் சிரிப்பு எழுந்தது. கோட்டுக்காரர் தன்னையறியாமல் இடது கையைப் பார்த்துக்கொண்டார். "அழுக்குன்னு நெனைச்சு நல்ல பாட்டிலைக் கழுவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி மடிச்சும் வெச்சுட்டேன். வீட்டுக்குள்ள, ஒரே மேசையில சாப்பிடறவ நான், நான் விட்ட கறையையே இவ கண்டுபிடிச்சா. அந்தக் கறை அவளுக்கு உதவியா இருந்துச்சு, அப்பவும் வேண்டாம்னு தூக்கிப் போட்டா. அப்படிப்பட்டவ, இந்த ஏழு இடத்துல ஈயம் இருக்குன்னு சொன்னா, இருக்கு. என் தொட்டி வீட்டுலதான் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

உட்கார்ந்தாள். படகோட்டி தன் கைக்குட்டையை நீட்டினார். அதுவும் அவள் இஸ்திரி போட்டதுதான்.

மேடையில் இருந்த அதிகாரி மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டாவது தடவை வெறும் பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க. ரெண்டுலயும்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து முடிவைப் படித்தார். ஏழு இடத்துச் சேறும் கடலுக்குப் போகக்கூடாது. கரையில் விரிப்புப் போட்ட குழிக்குப் போக வேண்டும். அங்கே வாரும்போது கலங்கல் பரவாமல் சுற்றிலும் திரை கட்ட வேண்டும். மற்ற இடங்களில் கம்பெனி கேட்டபடி செய்துகொள்ளலாம். சுவரோரம் நின்றவர்களில் ஒரு பெண், மருமகளின் கையைக் கொஞ்ச நேரம் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது லாண்டரியம்மாதான் ஆரம்பித்தாள்.

"வியாழக்கிழமை ஆயாச்சு. திட்டறேன்னியே."

மருமகள் யோசிப்பதுபோல நடந்தாள். "மறந்துட்டேன் அத்தை. அடுத்த தடவை சேத்துத் திட்டறேன்."

"அடுத்த தடவை எப்ப?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஏழு இடத்தையும் பாக்கணும். குழி ஒழுகுதான்னு பாக்கணும்."

வீட்டுக்குப் போனதும் மகன் குளியலறை வாசலிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, உன் மோதிரம் இன்னும் சோப்புப் பெட்டியிலயே இருக்கு. எடுத்துப் போட்டுக்கோ, தொலைஞ்சுடப் போகுது."

லாண்டரியம்மா வந்து எடுத்துப் பார்த்தாள். விரலுக்கு நேரே கொண்டுபோனாள். கணுவில் இடித்தது. தள்ளிப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும்டா," என்று திரும்பவும் பெட்டியிலேயே வைத்தாள். "மூணு மாசத்துல மறுபடியும் யார் கழட்டறது?"